காய்ச்சல் நம்ம ஊர்ல, கட்டுரை பூட்டுக்குள்ள

1/
நான் திட்டக்குடி பக்கம் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற ஒரு எம்பிபிஎஸ் டாக்டர். ஆராய்ச்சியாளர் கிடையாது. ஆனா இன்னைக்கு, லேப் ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இணையத்தில் இலவசமா என்னெல்லாம் கிடைக்குது, எது கிடைக்கலைங்கறதைப் பத்திப் பேசப் போறேன். "அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"னு தாண்டிப் போயிடாதீங்க. உங்க வீட்டு பிளட் ரிப்போர்ட் வரைக்கும் சம்பந்தம் இருக்கு. நீளமான இழை. டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

2/
முதல்ல ஒரு நோயாளி கதை. அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

மக்காச்சோள அறுவடை நேரம். நாற்பது வயசு தாண்டின ஒரு அம்மா. எட்டு நாளா காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, உடம்பு வலி. வெளியில் ரெண்டு மூணு இடத்தில் ஊசி போட்டும் இறங்கலை. டெங்கு இல்லை. மலேரியா இல்லை. ஸ்க்ரப் டைஃபஸுக்கான வெயில்-ஃபெலிக்ஸ் டெஸ்டும் நெகட்டிவ்.

3/
"வேற எங்கயாவது புண்ணு, கொப்புளம் இருக்காம்மா?"னு கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்க சார்"னாங்க. ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டரை விட்டு திரை மறைச்சு முழுசா பார்க்கச் சொன்னேன். அக்குள் மடிப்புல இருந்துச்சு. சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. வலி இல்லை, அரிப்பு இல்லை. அதனால அவங்களுக்கே தெரியலை.

4/
ஸ்க்ரப் டைஃபஸ்னா என்ன? புதர், வரப்பு, அறுத்த காடு இங்கெல்லாம் இருக்கிற, கண்ணுக்குச் சரியாத் தெரியாத ஒரு பூச்சியோட குஞ்சு கடிச்சு வர்ற பாக்டீரியா காய்ச்சல். பேப்பர்ல உண்ணிக் காய்ச்சல்னு போடுவாங்க. கடிச்ச இடத்துல அந்தப் பொருக்கு வரும். எல்லாருக்கும் வராது. வந்தா டாக்டருக்கு அது பெரிய துப்பு.

கவனிக்காம விட்டா நுரையீரல், சிறுநீரகம், மூளை எல்லாத்தையும் பிடிக்கும். சரியான நேரத்துல பிடிச்சா விலை குறைஞ்ச பழைய மருந்து டாக்ஸிசைக்ளினே போதும். அந்த அம்மாவுக்கு மருந்து ஆரம்பிச்ச ரெண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிடுச்சு.

5/
கதை சுபம். ஆனா டிஸ்சார்ஜ் அன்னைக்கு அவங்க பொண்ணு ஒரு கேள்வி கேட்டுச்சு. ஒரு தனியார் கல்லூரியில் எம்எஸ்சி மைக்ரோபயாலஜி படிக்கிற பொண்ணு.

"சார், டெஸ்ட்ல இல்லைன்னு வந்துச்சு. நீங்க இருக்குன்னு மருந்து கொடுத்தீங்க. அப்போ டெஸ்ட் பொய்யா?"

நல்ல கேள்வி. இந்த இழையே அந்தக் கேள்வியிலருந்து வந்ததுதான்.

6/
வெயில்-ஃபெலிக்ஸ் 1916-ல கண்டுபிடிச்ச டெஸ்ட். இதுல ஒரு வேடிக்கை: நோயை உண்டாக்குற கிருமியையே இது பயன்படுத்துறதில்லை. ப்ரோட்டியஸ்னு வேற ஒரு பாக்டீரியாவை வச்சு, நம்ம உடம்புல உருவான எதிர்ப்புரதம் அதோட ஒட்டுதான்னு பார்க்கிறது. அண்ணனைத் தேடிப் போய், ஜாடை ஒத்துப்போற பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டி "இவர்தானா?"னு கேக்கிற மாதிரி. நிறைய பேரை இது தவற விடும்.

7/
இப்போ இதைவிட நல்ல டெஸ்ட் ஐஜிஎம் எலைசா. அதுல பெரும்பாலும் அந்தக் கிருமியோட மேல்தோல்ல இருக்கிற 56 கிலோடால்டன் புரதத்தையே லேப்ல தயாரிச்சு வைக்கிறாங்க. சிக்கல் என்னன்னா, அந்தப் புரதம் ஊருக்கு ஊர் மாறும். கார்ப், கேட்டோ, கில்லியம்னு வகைகள் உண்டு. கில்லியம் வகை 1943-ல அசாம்–பர்மா எல்லையில் ஒரு நோயாளிகிட்ட எடுத்தது. எந்த ஊர்ல எந்த வகை சுத்துதுன்னு தெரிஞ்சாதான் கிட் நல்லா வேலை செய்யும்.

8/
பொண்ணு அடுத்த கேள்வி போட்டுச்சு: "நம்ம ஊர்ல எந்த வகை சார்?"

எனக்குத் தெரியலைம்மா, பார்த்துச் சொல்றேன்னேன். அன்னைக்கு நைட் டூட்டியில் கேஸ் குறைஞ்ச நேரம் போன்ல தேடினேன். தமிழ்நாட்டு நோயாளிகளை வச்சு எழுதின ஒரு கட்டுரை கிடைச்சுச்சு. தலைப்பு தெரியுது, சுருக்கம் தெரியுது. உள்ள போனா பூட்டு. திறக்க சுமார் 3,000 ரூபாய் ஆகுற டாலர் கணக்கு.

9/
கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ரத்தம் கொடுத்தது நம்ம ஊர் விவசாயக் கூலி. பல ஆராய்ச்சிகளுக்குப் பணம் கொடுக்கிறது நம்ம வரி. எழுதுறவங்களுக்கும், சரிபார்த்துக் கொடுக்கிற மத்த விஞ்ஞானிகளுக்கும் பத்திரிகை பொதுவா சம்பளம் கொடுக்கிறதில்லை. ஆனா அதே காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரும் அதே நோயைப் படிக்கிற பொண்ணும் வாசல்ல நிக்கணும். இது எனக்கு நியாயமாப் படலை.

10/
"நம்ம ஊர்ல அவ்வளவா இருக்கு அந்த நோய்?"னு கேப்பீங்க. தமிழ்நாட்டுல 37 கிராமங்கள்ல 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைத் தொடர்ந்து கவனிச்ச ஒரு ஆய்வு 2025-ல வெளியாச்சு. காய்ச்சல் வந்து ரத்தம் கொடுத்தவங்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கு ஸ்க்ரப் டைஃபஸ். பத்துல ஒண்ணு! இது ஏதோ புத்தகத்துல இருக்கிற அபூர்வ வியாதி இல்லைங்க.

11/
சரி, பூட்டாம விட்டா என்ன ஆகும்? அதுக்கு நாம எல்லாரும் பார்த்த உதாரணம் ஒண்ணு இருக்கு. கொரோனா.

2020 ஜனவரி 11. சீனப் பேராசிரியர் ஜாங் யோங்ஜென் குழு கண்டறிஞ்ச வைரஸோட மரபணு வரிசை, சுமார் 30,000 எழுத்து, ஆஸ்திரேலியாவில் இருந்த எட்வர்ட் ஹோம்ஸ் மூலமா ஒரு திறந்த இணையதளத்துல வந்துச்சு. யார் வேணா எடுத்துக்கலாம். காசு கிடையாது.

12/
ரெண்டே நாள்ல, ஜனவரி 13-ஆம் தேதி, பெர்லின் ஷரிட்டே மருத்துவமனை விஞ்ஞானிகள் உருவாக்கின பிசிஆர் டெஸ்ட் செய்முறையை உலக சுகாதார நிறுவனம் தன் தளத்துல போட்டுச்சு. கிட்டத்தட்ட சமையல் குறிப்பு மாதிரி: எந்த ப்ரைமர், எவ்வளவு அளவு, எத்தனை டிகிரி சூடு.

இந்தியாவின் முதல் கேஸ் திருச்சூர்ல ஜனவரி 30. தமிழ்நாட்டுல முதல் கேஸ் மார்ச் 7. அதுக்குள்ள டெஸ்ட் தயாரா இருந்துச்சு.

13/
அந்த வரிசையை யாராவது "முதல்ல பத்திரிகையில் வரட்டும்"னு ஆறு மாசம் பூட்டி வச்சிருந்தா? உங்க மூக்குல குச்சி விட்டு எடுத்த அந்த சாம்பிளைப் பரிசோதிக்க ஒரு வழி இருந்திருக்காது. பூட்டு இல்லாததால எத்தனை உயிர் பிழைச்சுதுன்னு எண்ணிச் சொல்ல முடியாது. ஆனா வார்டுல நின்னவங்களுக்கு அந்த அருமை தெரியும்.

14/
இப்போ விஷயத்துக்கு வர்றேன். அந்தப் பொண்ணுகிட்ட "பூட்டினதை விடு, திறந்து கிடக்கிறதை முதல்ல பார்ப்போம்"னு சொல்லி ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். லைஃப் சயின்ஸ், மைக்ரோபயாலஜி, பயோடெக், பார்மசி, டிஎம்எல்டி படிக்கிற பிள்ளைங்க உங்க வீட்ல இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க. எல்லாமே இலவசம். சாதாரண போன்லயே பெரும்பாலானதைத் திறக்கலாம்.

15/
அ) பப்மெட். 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேல மருத்துவ, உயிரியல் கட்டுரைகளோட விவரம் இருக்கு. இது நூலகத்தோட கார்டு கேட்டலாக் மாதிரி. முழுப் புத்தகம் இங்க இருக்காது.

ஆ) பப்மெட் சென்ட்ரல். 2000-ல ஆரம்பிச்சது. இங்க 1 கோடிக்கும் மேல கட்டுரைகளை முழுசாவே படிக்கலாம். பப்மெட்ல தேடும்போது இடது பக்கம் "ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்"னு ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் பண்ணுங்க. பாதி தலைவலி போயிடும்.

16/
இ) அன்பேவால். கம்ப்யூட்டர் பிரவுசர்ல சேர்த்துக்கிற ஒரு சின்ன கருவி. பூட்டின கட்டுரைக்கு வேற எங்கயாவது சட்டப்படி இலவசப் பிரதி இருந்தா, பச்சைப் பூட்டு அடையாளம் காட்டி அங்க கொண்டுபோய் விடும்.

ஈ) இதுக்குக் கருவியே வேணாம்: கட்டுரை எழுதினவருக்கு ஒரு மெயில் போடுங்க. "ஐயா, நான் இன்ன கல்லூரி மாணவி, உங்க கட்டுரை வேணும்"னு ரெண்டு வரி போதும். பலர் சந்தோஷமா அனுப்புவாங்க. தன் கட்டுரையை ஒருத்தர் படிக்கணும்னு கேட்டா யாருக்குத்தான் பிடிக்காது?

17/
உ) ஜென்பேங்க். 1982-லருந்து இருக்கிற மரபணு வரிசை வங்கி. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் மூணு வங்கியும் தினமும் ஒண்ணுக்கொண்ணு பரிமாறிக்கும். மூணுல எதைத் திறந்தாலும் சரக்கு ஒண்ணுதான்.

ஊ) பிளாஸ்ட். ஒரு துண்டு வரிசையைப் போட்டா, "இது இன்ன கிருமியோட இவ்வளவு சதவீதம் ஒத்துப்போகுது"னு சொல்லும். கைரேகையை போலீஸ் ரெக்கார்டோட ஒப்பிடற மாதிரி. ப்ரைமர்-பிளாஸ்ட்ல பிசிஆருக்கு ப்ரைமரே வடிவமைக்கலாம்.

18/
எ) புரோட்டீன் டேட்டா பேங்க். 1971-ல வெறும் 7 புரத வடிவங்களோட ஆரம்பிச்சது, இப்போ 2 லட்சத்தைத் தாண்டியாச்சு.

இதுல நமக்குப் பெருமைப்பட ஒரு விஷயம். இங்க சேர்க்கிற ஒவ்வொரு புரத வடிவமும் சரியா இருக்கான்னு பார்க்கிற சோதனைகள்ல ஒண்ணு ராமச்சந்திரன் வரைபடம். ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூணு பேரும் 1963-ல சென்னைப் பல்கலைக்கழகத்துலருந்து வெளியிட்டது. உலகத்துல எந்த மூலையில் புரத வடிவம் கண்டுபிடிச்சாலும் கிண்டியில் போட்ட கணக்கைத் தொட்டுட்டுத்தான் போகணும்.

19/
ஏ) ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளம். சோதனையில் வடிவம் கண்டுபிடிக்காத புரதங்களுக்கு, கம்ப்யூட்டர் கணிச்ச வடிவம். 20 கோடிக்கு மேல இருக்கு. இந்த வேலைக்குத்தான் 2024 வேதியியல் நோபல்ல ஒரு பாதி கிடைச்சுது. புரோட்டீன் டேட்டா பேங்க்ல எல்லாரும் 50 வருஷமா இலவசமாப் போட்டு வச்சதைப் படிச்சுத்தான் அந்தக் கம்ப்யூட்டரே கத்துக்கிச்சு. கணிப்பு கணிப்புதான், அதை மறந்துடக் கூடாது.

20/
ஐ) யூகாஸ்ட். யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்ல மருந்து பேருக்கு நேரா எஸ், ஆர்னு போட்டிருக்கும் இல்லையா? அந்த மருந்து கேக்குமா கேக்காதான்னு முடிவு பண்ண, மருந்து வில்லையைச் சுத்திக் கிருமி வளராத வட்டத்தை அளந்து, ஒரு அட்டவணையோட ஒப்பிடணும். அந்த அட்டவணையை ஐரோப்பியக் குழு வருஷா வருஷம் இலவசமா வெளியிடுது.

ஒ) வூனெட். அப்படி வர்ற ரிப்போர்ட்டை எல்லாம் சேர்த்து, நம்ம ஊர்ல எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்றதை நிறுத்திக்கிட்டிருக்குன்னு பார்க்கிற இலவச மென்பொருள். சின்ன லேப்பும் பயன்படுத்தலாம்.

21/
ஓ) இம்பாட். சென்னை தரமணி கணித அறிவியல் கழகத்துல உருவாக்கினது. இந்திய மூலிகைகள் 4,010, அதுல இருக்கிற வேதிப்பொருட்கள் 17,967 இதுல தொகுத்து வச்சிருக்காங்க. கீழாநெல்லி, ஆடாதோடைன்னு நம்ம பாட்டி சொன்னதுக்குள்ள என்ன மூலக்கூறு இருக்குன்னு பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பட்டியல்ல ஒரு வேதிப்பொருள் இருக்குங்கறதும், அந்த மூலிகை நோயைக் குணப்படுத்தும்ங்கறதும் வேற வேற. லேப் தட்டுல புற்றுநோய் செல்லைக் கொன்னுச்சுன்னா, பிளீச்சிங் பவுடர் கரைசல் கூட கொல்லும். மனுஷ உடம்புல நிரூபிக்கணும்.

22/
ஔ) கடைசியா, ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம். தப்புன்னு தெரிஞ்சு திரும்பப் பெற்ற கட்டுரைகளோட பட்டியல், 50 ஆயிரத்துக்கும் மேல. 2023-லருந்து எல்லாருக்கும் இலவசமாத் திறந்துட்டாங்க.

ஞாபகம் இருக்கா? 2020 மே 22-ஆம் தேதி லான்செட்ல ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆபத்துன்னு ஒரு பெரிய கட்டுரை. உலக சுகாதார நிறுவனமே அந்த மருந்துச் சோதனையைத் தற்காலிகமா நிறுத்துச்சு. ஜூன் 4-ஆம் தேதி கட்டுரையே வாபஸ். ஏன்? அதுக்கு ஆதாரமான மூலத் தரவை வெளியாட்கள் பார்க்க விடலை. அதனால தரவைத் திறந்து வைக்கிறது ஏழை மாணவருக்குப் பண்ற தர்மம் மட்டும் இல்லை. தப்பைப் பிடிக்கவும் அதுதான் வழி.

23/
அதே நேரம், இலவசமாக் கிடைக்கிறது எல்லாம் சத்தியம்னு நினைச்சுடாதீங்க. பயோஆர்கைவ், மெட்ஆர்கைவ்னு முன்பதிப்புத் தளங்கள் இருக்கு. சக விஞ்ஞானிகள் சரிபார்க்கிறதுக்கு முன்னாடியே அங்க கட்டுரை வரும். வேகமா வரும், தப்பும் வரும். வாட்ஸ்அப்ல "ஆய்வில் நிரூபணம்"னு வந்தா முதல்ல கேளுங்க: எலியிலயா, மனுஷங்கள்லயா? எத்தனை பேர்? யாராவது சரிபார்த்தாங்களா?

24/
"அரசாங்கம் ஒண்ணும் பண்ணலையா?" பண்ணியிருக்கு. பண்ணினதைச் சொல்லணும்.

ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு 2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 பத்திரிகைகள், 3 வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். 2025 ஜனவரியில் ஆரம்பிச்சாச்சு. அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கும் பெரிய பத்திரிகைகள் திறக்கும். மனசாரப் பாராட்டறேன். அரசுக் கல்லூரிப் பிள்ளைங்களே, உங்க நூலகர்கிட்ட போய்க் கேளுங்க. இப்படி ஒண்ணு இருக்கறதே பலருக்குத் தெரியலை.

25/
ஆனா அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்களுக்குமானது. தனியார் கல்லூரியில் படிக்கிற அந்தப் பொண்ணுக்குக் கிடைக்காது. தாலுகா மருத்துவமனை கல்வி நிறுவனம் இல்லை, அதனால எனக்கும் கிடைக்காது. ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளி முதல்ல வந்து நிக்கிறது எங்க? திட்டக்குடி, வேப்பூர், பெண்ணாடம் மாதிரி ஊர் ஆஸ்பத்திரியில். அறிவு மேல இருக்கிற காலேஜ் வரைக்கும் வந்துட்டு, கீழ இறங்காம நிக்குது.

26/
சிலர் சொல்வாங்க: "பத்திரிகை நடத்தவும் செலவு ஆகும், இலவசமா எப்படிக் கொடுப்பாங்க?" நியாயமான கேள்விதான். வாசகர்கிட்ட வாங்காம எழுதுறவர்கிட்ட வாங்கறதும் ஒரு வழி. ஆனா நேச்சர் பத்திரிகை 2020-ல அறிவிச்ச கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. நம்ம ஊர் பேராசிரியர் எங்க போவார்?

மூணாவது வழி ஒண்ணு இருக்கு. பத்திரிகையில் வந்த கட்டுரையோட ஆசிரியர் பிரதியை ஒரு பொதுக் களஞ்சியத்துல வைக்கிறது. மத்திய அரசோட டிஎஸ்டி, டிபிடி துறைகள் 2014-லயே இதைக் கொள்கையா அறிவிச்சிருக்கு. காகிதத்துல இருக்கு. கறாரா அமல்படுத்தணும்.

27/
திருட்டுத்தனமா எடுக்கலாமேன்னு கேக்கிறவங்களுக்கு: சை-ஹப் தளத்தை இந்தியாவில் முடக்கச் சொல்லி 2025 ஆகஸ்ட்ல டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டாச்சு. அந்த வழியை நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு படிக்கிற பிள்ளை பின்வாசலைத் தேடுதுன்னா, முன்வாசலை ஏன் சாத்தி வச்சிருக்கோம்னு நாமளும் கேட்டுக்கணும்.

28/
என் கோரிக்கை மூணுதான்.
ஒண்ணு: ஒரே நாடு ஒரே சந்தாவை அரசு மருத்துவமனைகளுக்கும், மாவட்டப் பொது சுகாதார ஆய்வகங்களுக்கும், தனியார் கல்லூரி மாணவர்களுக்கும் நீட்டிக்கணும்.
ரெண்டு: வரிப்பணத்துல நடந்த ஆராய்ச்சி எதுவா இருந்தாலும் அதோட பிரதி பொதுவில் இருக்கணும்.
மூணு: நம்ம மக்கள் சாம்பிள்லருந்து எடுக்கிற வரிசைகள், தனிநபர் அடையாளம் இல்லாம, திறந்த வங்கிக்குப் போகணும். 2022-ல ஃபரிதாபாத்ல இந்திய உயிரியல் தரவு மையம் திறந்தாச்சு. எல்லாத்துக்கும் அமெரிக்க சர்வரையே நம்பி இருக்க வேண்டியதில்லை.

29/
அந்தப் பொண்ணு என்ன ஆச்சு? பிராஜெக்டுக்கு அதையே எடுத்துக்கிச்சு. ஜென்பேங்க்ல 56 கிலோடால்டன் ஜீன் வரிசைகளைத் தேடி, இந்தியாவுலருந்து வந்ததைப் பிரிச்சு, மெகாங்கற இலவச மென்பொருள்ல குடும்ப மரம் போட்டுச்சு. லேப் செலவு கிடையாது. பழைய லேப்டாப், போன் ஹாட்ஸ்பாட்.

ஒரு நாள் மரத்தைக் காட்டிட்டு சொல்லுச்சு: "சார், நிறைய பதிவுல ஊர்ங்கற இடத்துல வெறும் இந்தியான்னுதான் இருக்கு. எந்த மாவட்டம்னு இல்லை. அம்மாவுக்கு வந்தது இதுல எந்தக் கிளைன்னு கடைசி வரைக்கும் தெரியாதா?"

30/
தெரியாதும்மான்னுதான் சொன்னேன். அவங்க அம்மாவோட சாம்பிளை யாரும் வரிசைப்படுத்தலை. நானும் அனுப்பலை. அப்படி அனுப்பணும்னு எனக்கு அப்போ தோணவே இல்லை. இவ்வளவு நேரம் பூட்டு போட்டவங்களைத் திட்டினேன். திறந்து கிடக்கிற வங்கியில் நம்ம பங்குக்கு ஒண்ணும் போடாம எடுத்துக்கிட்டே இருந்ததுல எனக்கும் பங்கு இருக்கு. அந்தப் பொண்ணு அடுத்து பிஎச்டி பண்ணி, ஊர் பேரோட பதிவு போடணும்னு சொல்லிக்கிட்டிருக்கு. போடும்.

31/
முடிக்கிறதுக்கு முன்னாடி டாக்டரா ஒரு வார்த்தை. காய்ச்சல் 5 நாளுக்கு மேல நின்னா அரசு மருத்துவமனைக்கு வாங்க. காட்டு வேலை, புல் அறுப்பு, ஆடு மேய்ப்புக்குப் போனீங்கன்னா அதைச் சொல்லுங்க. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ, இடுப்புத் துணி கட்டுற இடம் எல்லாம் கருப்புப் பொருக்கு இருக்கான்னு பாருங்க. கூச்சம் வேணாம். மருந்தை நீங்களா கடையில் வாங்கிப் போடாதீங்க.

பட்டியலைச் சேமிச்சு, படிக்கிற பிள்ளைங்களுக்கு அனுப்புங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வேற இலவச வசதி இருந்தா கீழ சொல்லுங்க, சேர்த்துடறேன்.